நாத்தனாரின் நாக்கு

காய்ச்சல் ஆறு நாளில் இறங்கிவிட்டது. ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. அண்ணியின் மூக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு போயிற்று.

முதலில் அவளுக்கு அது பிடிபடவில்லை. காப்பித்தூளில் கலப்படம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாள். சோப்பை மாற்றினாள். ஒருநாள் அடுப்பில் வைத்த பால் பொங்கி, வழிந்து, பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்து கதவைத் தட்டினார்கள். அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்போதுதான் மருத்துவரிடம் போனாள்.

"வந்தாலும் வரும். பொறுமையா இருங்க" என்றார் மருத்துவர்.

"வரலைன்னா?"

"பொறுமையா இருங்க."

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் சாப்பாட்டோடு போயிருக்கும். அண்ணிக்குப் பிழைப்பே அதுதான். பதினோரு வருடமாக ஒரு வார இதழில் மாதம் ஒரு கட்டுரை எழுதிவந்தாள். ஏதாவது ஒரு பழைய ஊருக்குப் போவாள். காலையில் சந்தை, பிறகு ஊருக்கு வெளியே ஒரு தோட்டம், மதியம் ஊர்க்காரர்கள் சாப்பிடும் ஓர் உணவகம். இந்த மூன்றையும் பார்த்து, சாப்பிட்டு, எழுதுவாள். கோட்டையையும் கோபுரத்தையும் பார்க்க வந்தவர்கள்கூட அவள் கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று தேடுவார்கள்.

இப்போது நாக்கில் மிச்சம் இருந்தது உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு மட்டும். முலாம்பழமும் சர்க்கரைத் தண்ணீரும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. மூன்று மாதம் சமாளித்தாள். கண்ணால் பார்த்ததை வைத்தும் பழைய ஞாபகத்தை வைத்தும் எழுதினாள். நான்காம் மாதம் ஒரு வாசகர் கடிதம் வந்தது. 'நீங்கள் புகழ்ந்த ரொட்டிக் கடைக்குப் போனேன். வெண்ணெய் சிக்கு வாடை அடித்தது. உண்மையிலேயே அங்கே சாப்பிட்டீர்களா?'

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. எழுதுவதை விட்டுவிடுகிறேன் என்று கணவரிடம் சொன்னாள். நிலம் அளக்கும் வேலை அவருக்கு. எதையும் அளந்துதான் பேசுவார். இதையும் அளந்தே சொன்னார்:

"நம்ம வீட்ல ஒரு நாக்கு சும்மாதானே கிடக்குது?"

"யாரு?"

"தராசு."

தராசு என்பது அவருடைய தங்கைக்குக் குடும்பம் வைத்த பட்டப்பெயர். யார் எதைச் சமைத்தாலும் எடை போட்டுச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டாள். தையல் கடை வைத்திருந்தாள். கத்தரிக்கோல் ஒன்று கையில், இன்னொன்று வாயில் என்று அவள் அண்ணனே சொல்வார். அண்ணிக்கும் அவளுக்கும் ஏழு வருடமாக நேர்ப் பேச்சு கிடையாது. புது வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு, பத்து பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "ஊருக்கெல்லாம் சாப்பாட்டைப் பத்தி எழுதறவங்க வீட்ல பருப்புக்கு உப்பு இல்ல" என்று தராசு சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து இரண்டு பேரும் அவர் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். ஒரே அறையில் இருக்கும்போதுகூட.

"அவகூடப் போறதுக்கு நான் பட்டினி கிடந்துக்கறேன்" என்றாள் அண்ணி.

ஆனால் அடுத்த வாரம் இருவரும் ஒரே பேருந்தில் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பை.

அந்த ஊரைச் சுற்றிப் பழைய மதில். நான்கு வாசலில் மூன்று இடிந்துபோய், ஒன்று மட்டும் லாரி இடித்த வடுக்களோடு நின்றது. மதிலின் உள்பக்கத்தை ஒட்டிய குறுகலான சந்தில் சந்தை. கல்லின் மேலேயே சாக்கை விரித்து வெங்காயத்தைக் குவித்திருந்தார்கள். மீன்காரிகள் ஆளுக்கொரு குடையின் கீழ் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஒருவர் மீனை இன்னொருவர் விற்றுக் கொடுத்தார்கள். அண்ணி குறிப்பேட்டைத் திறந்தாள். தராசு ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியை வாயில் போட்டாள்.

"எப்படி?"

"உப்பு சரியா இருக்கு."

அடுத்து ஊறவைத்த காய்.

"உப்பு தூக்கல்."

அடுத்து சுட்ட மீன்.

"உப்பு கம்மி."

அண்ணி பேனாவை மூடினாள். "உப்பு எனக்கே தெரியும்மா. அது ஒண்ணுதான் தெரியும். மத்தது சொல்லு."

"மத்ததுன்னா?"

"வாசம். அது எப்படி இருக்கு, எதை ஞாபகப்படுத்துது..."

"மீன் மீன் மாதிரி இருக்கு, அண்ணி. வேற என்ன சொல்றது? நான் என்ன உங்களை மாதிரி எழுதறவளா?"

ஏழு வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அதுதான். அதுவும் சண்டையாகவே முடிந்தது. மீன்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சியா?" என்று கேட்டாள்.

"நாத்தனார்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"அதானே பார்த்தேன்" என்றாள் அவள்.

தோட்டம் மதிலுக்கு வெளியே, ஆற்றை ஒட்டி இருந்தது. ஒருவர் பின் ஒருவராக நடந்து போனார்கள். தோட்டக்காரர் முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்து வரவேற்றார். இதழில் எழுதும் அம்மா வந்திருக்கிறார் என்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தக்காளியைக் காட்டினார், கீரையைக் காட்டினார். கடைசியில் வாய்க்கால் ஓரத்தில் இருந்த ஒரு செடியிலிருந்து இரண்டு இலையைப் பறித்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, அண்ணியின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"மோந்து பாருங்கம்மா. இந்த மண்ணுல மட்டும்தான் இந்த வாசம். வேற இடத்துல வெச்சா வராது. என் பொண்டாட்டிகூட இந்த வாசத்துக்காகத்தான் என்னைக் கட்டிக்கிட்டா."

அண்ணி குனிந்தாள். கண்ணை மூடி நன்றாக இழுத்தாள். காற்று வந்தது. குளிர்ந்த, வெறும் காற்று.

"ஆகா" என்றாள். "என்னமா இருக்கு!"

அவர் முகம் மலர்ந்தது. மடை திறந்துவிட்டு வருகிறேன் என்று போனார். அண்ணி அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்க மறந்தவளாக அப்படியே நின்றாள். அந்தச் சிரிப்பைத் தராசு பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத் தைத்த சட்டைக்குள் ஓர் ஊசி விட்டுப்போனதைக் கண்டவள்போல அவள் முகம் மாறியது.

அவள் போய்த் தானும் இரண்டு இலையைக் கிள்ளினாள். கசக்கினாள். வெகு நேரம் மோந்து பார்த்தாள்.

"அண்ணி, இங்க வாங்க. புதுப் பருத்தித் துணியை முதல் தடவை தண்ணில முக்கி எடுத்தா ஒரு வாசம் வருமே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"முதல்ல அது. அதுமேல எலுமிச்சைத் தோலைத் தேய்ச்ச மாதிரி. கடைசில, விரல்ல ஊசி நுனி லேசா பட்டா சுருக்குனு ஒண்ணு வருமே, அது மூக்குல வருது. குத்தல. சும்மா தொட்டுட்டுப் போகுது."

அண்ணி மறுபடியும் குனிந்தாள். இப்போதும் காற்றுதான். ஆனால் அந்தக் காற்றுக்கு இப்போது ஓர் உருவம் இருந்தது. அவள் குறிப்பேட்டைத் திறந்து அங்கேயே வரப்பில் உட்கார்ந்து எழுதினாள். தராசு தக்காளிக்குப் போனாள், கீரைக்குப் போனாள். ஒன்று கஞ்சி போட்ட துணிபோல மொடமொடத்தது. ஒன்று உள்பாவாடைத் துணிபோல ஒன்றுக்கும் உதவாமல் வழுக்கியது. தோட்டக்காரர் கொடுத்த தேன், வெயிலில் காய்ந்த கம்பளியை முகத்தில் போர்த்திக்கொண்டதுபோல இருந்தது. எழுதி எழுதி அண்ணிக்குக் கை வலித்தது.

திரும்பி நடக்கும்போது தராசுதான் ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாது, அண்ணி."

"ம்."

"ஆனா உப்பு இல்ல."

"தெரியும். போட மறந்துட்டேன். நீ பொய் சொல்லியிருந்தா அடுத்த வாரமே பேசியிருப்பேன். உண்மையைச் சொன்னதாலதான் ஏழு வருஷம் ஆச்சு."

தராசு சிரித்த சிரிப்பில் வாய்க்காலில் நின்ற கொக்கு எழுந்து பறந்தது.

மதிய உணவகம் ஒரு காலத்தில் குதிரை லாயமாக இருந்தது. சுவரில் குதிரை கட்டும் இரும்பு வளையங்கள் அப்படியே இருந்தன. அதில் குடைகளை மாட்டியிருந்தார்கள். ஓர் அம்மா சமைத்தார். அவர் கணவர் பரிமாறினார். தராசு கை கழுவப் பின்பக்கம் போன நேரத்தில் பூசணி சூப் வந்துவிட்டது. நன்றாகப் பசித்தது. அண்ணி காத்திருக்கவில்லை. சூடாக, கெட்டியாக, கொஞ்சம் இனிப்பாக இருந்தது. பாதிக் கிண்ணம் காலியாயிற்று.

"எப்படிங்க இருக்கு?" என்றார் பரிமாறுகிறவர்.

"அருமை. இப்படி ஒரு சூப் நான் குடிச்சதே இல்லை."

சொல்லி வாய் மூடவில்லை, சமையல்காரம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தார். கணவரைப் பார்த்து, "அதை எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க? கொட்டறதுக்கு வெச்சதாச்சே! அடிப்பிடிச்சு வீடே நாறுது" என்றவர், அண்ணி பக்கம் திரும்பினார். முகத்தை இதழில் பார்த்திருக்கிறார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"நீங்கதானே எழுதறவங்க? தீஞ்ச சூப்பைக் குடிச்சிட்டு அருமைங்கறீங்க. எல்லாக் கடையைப் பத்தியும் இப்படித்தான் எழுதறீங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை, மனம் நொந்து கேட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குள் தராசு வந்துவிட்டாள். வாசலிலேயே மூக்கைச் சுளித்தவள், அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் ஓட்டமாக வந்து குறுக்கே நின்றாள்.

"அண்ணிக்கு ஜலதோஷம். ரெண்டு நாளா மூக்கு அடைச்சிருக்கு. அதான்..."

யாருக்காகவும் எதற்காகவும் விட்டுக்கொடுக்காத உண்மையை, தராசு தனக்காக விட்டுக்கொடுக்கிறாள் என்று அண்ணிக்குப் புரிந்தது. அவள் தராசின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஜலதோஷம் இல்லீங்க" என்றாள். "நாலு மாசமா எனக்கு வாசமே தெரியல. வெளியில யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வேலை போயிடும்னு பயம். நீங்க கேட்டது சரிதான். போன மூணு மாசமும் பொய்தான் எழுதினேன்."

சமையல்காரம்மா கரண்டியை மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார்.

"வீட்ல எப்படிச் சமைக்கறீங்க?"

"சமைக்கறதில்ல. பால் தீஞ்ச நாள்லேர்ந்து அடுப்புப் பக்கமே போறதில்ல. கடையிலதான் வாங்கறோம்."

தராசுக்கு இது தெரியாது. "அண்ணன் சொல்லவே இல்லையே" என்று முணுமுணுத்தாள்.

சமையல்காரம்மா எழுந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் முக்கால் மணி நேரத்துல இருபது பேர் வருவாங்க. சூப்பை மறுபடி வைக்கணும். இவருக்குப் பூசணி நறுக்கச் சொன்னா விரலைத்தான் நறுக்குவாரு. ரெண்டு பேரும் உள்ள வாங்க."

லாயத்துச் சமையலறையில் மூன்று பெண்களும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணி கத்தியை எடுத்தாள். பூசணியை நறுக்கினாள். வெங்காயம் சட்டியில் விழுந்தது. முதலில் சடசடவென்று சத்தம், பிறகு நீர் வற்றி மெல்லிய இரைச்சல். அதைக் கேட்டு அவள் தீயைக் குறைத்தாள். மூக்கு இல்லாமலே அவளுக்கு அது தெரிந்திருந்தது. தராசு சட்டியின் மேல் குனிந்து காவல் நின்றாள்.

"இப்ப?"

"பச்சை வாசம் போகல."

"இப்ப?"

"இருங்க... இப்பத்தான் திரும்புது. இப்ப! ஊத்துங்க அண்ணி, பாலை ஊத்துங்க!"

அண்ணியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பழியை வெங்காயத்தின்மேல் போட்டாள். யாரும் மறுக்கவில்லை. இருபது பேரும் சூப் குடித்தார்கள். இரண்டாம் முறை கேட்டவர்கள் ஏழு பேர். எண்ணியது தராசு.

அந்த மாதக் கட்டுரையில் அண்ணி எல்லாவற்றையும் எழுதினாள். ரொட்டிக் கடையைப் பற்றி எழுதியது பொய் என்று எழுதி, வாசகரிடம் மன்னிப்புக் கேட்டாள். இலையின் வாசத்தைத் தராசு சொன்னபடியே போட்டாள். இதழின் ஆசிரியருக்கு அனுப்பிவிட்டு, வேலை போய்விட்டதாகவே நினைத்துக் காத்திருந்தாள். நான்கு நாள் கழித்து ஆசிரியர் கூப்பிட்டார். முதலில் பத்து நிமிடம் கடிந்துகொண்டார். பிறகு, "அந்த உள்பாவாடைத் துணி யாரு சொன்னது? அவங்களை விடாதீங்க" என்றார்.

கோபக் கடிதங்களும் வந்தன. இனி உங்களை நம்பமாட்டேன் என்று எழுதியவர்களுக்கும் அண்ணி பதில் போட்டாள். இரண்டு வருடமாக வாசம் தெரியாமல் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்த ஒரு பெண்ணின் கடிதத்தை மட்டும் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். கட்டுரையின் கீழ் இப்போது இரண்டு பெயர். இரண்டாவது பெயருக்குப் பக்கத்தில் தையல் கடை விலாசத்தையும் போடவேண்டும் என்று தராசு அடம்பிடித்தாள். அது நடக்கவில்லை.

மூக்கு போன எட்டாவது மாதம், வேறோர் ஊரில், சந்தை முனையில் காப்பி வாங்கிக் குடிக்கும்போது அண்ணி திடுக்கிட்டு நின்றாள்.

"என்ன அண்ணி?"

"வாசம் வருது. காப்பில."

தராசு குவளையைக் கீழே வைத்துவிட்டாள். "நிஜமாவா? எப்படி இருக்கு?"

"டயர் எரியற மாதிரி இருக்கு."

தராசு குவளையை வாங்கி மோந்து பார்த்தாள், ஒரு வாய் குடித்தாள். "காப்பி நல்லாத்தான் இருக்கு. மூக்குதான் இன்னும் சரியா தைக்கல. நூல் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். மீதியை நான் குடிக்கிறேன், குடுங்க."

அண்ணி கொடுத்தாள். மீன் கடைகளைப் பார்க்க இருவரும் சந்துக்குள் நடந்தார்கள்.