பதினேழாம் நம்பர் ஸ்டிக்கர்

பொம்மசந்திராவில், கார்களுக்கு வேண்டிய வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் ஸ்ரீலக்ஷ்மிக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். ஹெல்பராக உள்ளே போனவள் இப்போது கடைசி செக்கிங் மேஜைக்கு இன்சார்ஜ். அவள் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினால்தான் சரக்கு லாரி ஏறும். ஸ்டிக்கரில் மேலே 'ஓகே', கீழே 17. பதினேழு அவளுடைய நம்பர். தன்னால் ஒரு லாரிகூட லேட்டானதில்லை என்று அவள் சொல்லிக்கொள்ளாத வாரம் கிடையாது.

சந்தாபுராவில் வீடு. கணவன் கோவிந்தன் மருந்துக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு பாட்டுப் போட்டபடி ஒரு சுற்றுப் போய் வருவதுதான் அவனுக்கிருந்த ஒரே ஆடம்பரம். கைமாறி வந்த சின்ன வண்டி. முன் கதவுகளில் மட்டும் ஸ்பீக்கர். அதோடு வந்த கம்பெனி ஸ்டீரியோவின் திரை ஒரு நாள் கண்ணை மூடிவிட்டது. மேப் தெரிகிற பெரிய திரை வைத்த புது செட் ஒன்றை வாங்கிக்கொண்டு, சிவாஜிநகர் சந்தில் கார் ஸ்டீரியோ மாட்டும் கடைக்கு இருவரும் போனார்கள்.

கடையை நடத்துவது நோரா என்ற பெண். முப்பது வயதிருக்கும். முடியைத் தூக்கிக் கட்டி, ஜீன்ஸ் பாக்கெட்டில் டெஸ்டரைச் செருகியிருந்தாள். புது செட்டின் பிளக் பழைய வண்டியின் சாக்கெட்டில் சேராது. வயரை வெட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து, ஈயம் வைத்துச் சேர்த்துத் தருகிறேன் என்றாள். ஸ்ரீலக்ஷ்மி ஒத்துக்கொள்ளவில்லை. வெட்டாமலே இரண்டையும் இணைக்கிற கப்ளரைத் தன் கம்பெனியே செய்கிறது, கையோடு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், செக் பண்ணின சரக்கு, இதைச் செருகினால் போதும் என்றாள். நோரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஸ்டிக்கரைப் பார்த்தாள். சரி என்று மாட்டிக் கொடுத்தாள். சந்தின் இரைச்சலில் பாட்டைப் போட்டுப் பார்த்தபோது யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓசூர் ரோட்டில் போகும்போதுதான் தெரிந்தது. தபேலாவின் அடிக்குரலே காணோம். பாடுகிறவர் காருக்கு வெளியே எங்கோ நின்றுகொண்டு பாடுவதுபோல் இருந்தது. கோவிந்தன் பேஸை ஏற்றினான். கதவு அதிர்ந்ததே தவிர சத்தத்தில் கனம் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வேலை விட்டு வந்ததும் வண்டியில் உட்கார்ந்து செட்டிங்கை மாற்றி மாற்றிப் பார்த்தான். கடைசியில், பழைய செட்டே தேவலாம் போலிருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து வந்தான்.

மருந்துக் கடையில் யாரோ சொன்னார்களாம்: சில கடைகளில் ஒரிஜினல் ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு டூப்ளிகேட்டை வைத்து மூடிவிடுவார்கள் என்று. கோவிந்தன் இதைப் பேச்சுவாக்கில்தான் சொன்னான். ஸ்ரீலக்ஷ்மி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தன் கப்ளர் தப்பாக இருக்காது. அப்படியானால் தப்பு அந்தக் கடையில்தான். அன்றைக்கே நோராவின் கடைக்கு ஆன்லைனில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, 'ஒரிஜினல் ஸ்பீக்கரைத் திருடிவிட்டார்கள், ஜாக்கிரதை' என்று எழுதினாள்.

அடுத்த ஞாயிறு காலை கடை வாசலில் இன்னொரு கார் நின்றிருந்தது. அதன் சொந்தக்காரர், ஐம்பது வயதுக்காரர், நோராவிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீலக்ஷ்மி வண்டியிலிருந்து இறங்கும்போதே குரலை உயர்த்திக்கொண்டுதான் இறங்கினாள். ஸ்பீக்கர் எங்கே என்று கேட்டாள். நோராவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கிப்போயிற்று.

"ஸ்வல்ப டைம் குடுங்க அக்கா. என்னான்னு பாத்துச் சொல்றேன்."

"நீ பாத்து கிழிச்சது போதும். வேலை தெரிஞ்ச ஆம்பளை யாராச்சும் இருந்தா கூப்பிடு."

சொன்ன மறுகணமே அந்த வார்த்தை எங்கேயோ கேட்டது மாதிரி இருந்தது ஸ்ரீலக்ஷ்மிக்கு. எங்கே என்று யோசிக்க அவள் நிற்கவில்லை. அந்த ஐம்பது வயதுக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வருவதாக நோராவிடம் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

 நோரா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இரண்டு கதவுகளின் உள் அட்டையையும் கழற்றினாள். உள்ளே ஸ்பீக்கர்கள் இருந்தன. கார் கம்பெனியின் முத்திரையோடு, பல வருஷத் தூசி படிந்து, ஸ்க்ரூகூடத் துருப்பிடித்து, யாரும் தொடாத கோலத்தில் இருந்தன. கோவிந்தன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். ஸ்ரீலக்ஷ்மி பிளாட்பாரத்தைப் பார்த்தாள்.

நோரா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சத்தத்தை இடது பக்கம் முழுக்கத் தள்ளினாள். இடது ஸ்பீக்கர் மட்டும் பாடியது. அடிக்குரல் நன்றாகவே இருந்தது. வலது பக்கம் தள்ளினாள். அதுவும் நன்றாக இருந்தது. நடுவில் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்துப் பாடவிட்டதும் தபேலா செத்துப்போயிற்று.

"ரெண்டும் சண்டை போடுது அண்ணா," என்று கோவிந்தனிடம் சொன்னாள். "ஒண்ணு முன்னாடி தள்ளும்போது இன்னொண்ணு பின்னாடி இழுக்குது. பிளஸ் மைனஸ் எங்கயோ மாறியிருக்கு."

செட்டை வெளியே இழுத்துக் கப்ளரைக் கழற்றினாள். சுவர்க் கடிகாரத்தின் பென்சில் பேட்டரியை உருவி, வண்டிக்குள்ளிருந்து கதவுக்குப் போகும் இரண்டு வயர்களில் தொட்டாள். இடது ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு டொக்கென்று வெளியே தள்ளியது. வலதும் அப்படியே வெளியே தள்ளியது. வண்டி வயரில் தப்பில்லை. பிறகு கப்ளரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வலது பக்கத்துக்குச் சாம்பல் நிற வயர் ஒன்று, கறுப்புக் கோடு போட்ட சாம்பல் வயர் ஒன்று. இரண்டும் இடம் மாறிக் குத்தப்பட்டிருந்தன.

ஸ்ரீலக்ஷ்மிக்கு அது நோரா சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது. தினம் ஆயிரம் தடவை பார்க்கிற பிளக். ஸ்டிக்கர் அவள் பக்கம் திரும்பியிருந்தது. 17.

"என் மேலயும் தப்பு இருக்கு அக்கா," என்றாள் நோரா. "உங்க கம்பெனி செக்கிங்னு சொன்னீங்களேன்னு நம்பி மாட்டிட்டேன். நானும் ஒரு தடவை பாத்திருக்கணும்."

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்ரீலக்ஷ்மி சொல்லவில்லை. நோரா மெல்லிய ஊசியால் இரண்டு பின்களையும் நெம்பி எடுத்து, மாற்றிக் குத்தி, எல்லாவற்றையும் மூடினாள். பாட்டைப் போட்டாள். தபேலா நெஞ்சில் வந்து இறங்கியது. கோவிந்தன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

திரும்பும் வழியில், அந்தப் பெண் என்ன கெட்டிக்காரி, எவ்வளவு பொறுமை என்று சொல்லிக்கொண்டே வந்தான். சில்க் போர்டு சிக்னலில் வண்டி நின்றபோது, "உங்க கம்பெனியில எந்தத் தூங்குமூஞ்சி இதைப் பாஸ் பண்ணிச்சோ," என்றான். ஸ்ரீலக்ஷ்மி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.  வீடு வந்து சேரும்வரை பாட்டு அருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அதை நிறுத்தச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அந்த வார்த்தையை எங்கே கேட்டோம் என்பதும் வழியிலேயே நினைவுக்கு வந்துவிட்டது. கம்பெனியில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு மெஷின் நின்றுபோனபோது அவள் ஸ்பானரை எடுத்தாள். வெளியிலிருந்து வந்திருந்த ஒருவர், வேலை தெரிந்த ஆம்பளையைக் கூப்பிடச் சொன்னார். அன்று பாத்ரூமுக்குப் போய் அழுதாள்.

திங்கட்கிழமை ரிஜிஸ்டரைப் புரட்டினாள். அந்தக் கப்ளர், மூன்று வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை ஒன்றாகச் செய்து முடித்த லாட். அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. டெஸ்டிங் போர்டில் பீஸைச் செருகினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். அன்று சிலதுக்குப் பச்சை, சிலதுக்குச் சிவப்பு. வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. போர்டில் லூஸ் கான்டாக்ட் என்று அவளே முடிவு செய்தாள். மீட்டர் வைத்துப் பார்க்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பார்க்காமல், கண்ணால் மேய்ந்து, வரிசையாக ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளினாள். அந்தக் குவியலிலிருந்துதான் தனக்கென்று ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஸ்டோரில் அந்த லாட்டில் நாற்பது பீஸ் மிச்சம் இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தாள். பதினொன்று தப்பு. மற்றதெல்லாம் எந்தெந்த ஊர்க் கடைகளுக்கோ போய்விட்டது.

குவாலிட்டி மேனேஜர் நாராயணசாமியிடம் போய்ச் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். பிரேக் வயரில்லை, லைட் வயரில்லை, வெறும் பாட்டுத்தானே. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. இருக்கிற பதினொன்றைச் சரிசெய்துவிடம்மா என்றார். அவள் மீது அவருக்கு இருந்த மரியாதையால்தான் அப்படிச் சொன்னார். அதுவே அவளுக்குத் தாங்கவில்லை.

"ஒரு பொண்ணைத் திருடின்னு சொல்லிட்டு வந்திருக்கேன் சார். ஸ்டிக்கர் என்னுது. லாட்டைத் திருப்பிக் கூப்பிடுங்க."

எழுத்தில் கொடுக்கச் சொன்னார். பெயரும் நம்பரும் போட்டுக் கொடுத்தாள். அந்தக் காகிதம் மேலிடத்துக்குப் போனபிறகு அவர் கையிலும் ஒன்றும் இல்லை. லாட் திரும்ப அழைக்கப்பட்டது; ஸ்ரீலக்ஷ்மி செக்கிங் மேஜையிலிருந்து, தப்பான பீஸ்களைத் திருத்தும் ரீவொர்க் பெஞ்சுக்கு மாற்றப்பட்டாள். அவளிடம் வேலை கற்ற பெண்கள் எதிரே வரும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். மேஜை மாறிய அன்று இரவு சோறு போடும்போது கோவிந்தனிடம் சொன்னாள், அந்தத் தூங்குமூஞ்சி நான்தான் என்று. அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினான். பிறகு, அந்தக் கடையைப் பற்றி எழுதினாயே, அதை எடுத்தாயா என்று மட்டும் கேட்டான். அவள் போனை எடுத்தாள். அழித்துவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. தப்பு என்னுடையது, அந்தப் பெண் நேர்மையானவள், வேலையில் கெட்டிக்காரி என்று தன் பெயரிலேயே எழுதினாள்.

அது போதாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வார லீவு நாளில் தனியாக பஸ் ஏறி சிவாஜிநகர் ஸ்டாண்டில் இறங்கினாள். கறிக்கடைகளையும் துணிக்கடைகளையும் தாண்டி நடக்கையில் இரண்டு தடவை நின்றாள். கடையில் நோரா ஒரு டாஷ்போர்டுக்குள் கையை விட்டபடி இருந்தாள். ஸ்ரீலக்ஷ்மி வாசலில் நின்றே சொன்னாள். பதினேழு என் நம்பர்தான், அன்றைக்கே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு போனேன் என்றாள். இதைப் பஸ்ஸில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள்.

நோரா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"வயர் மாறுறது எல்லார்கிட்டயும் நடக்கும் அக்கா. எழுதினதையும் பாத்தேன். ஆனா அன்னைக்கு நின்னுட்டிருந்தாரே ஒரு சார், அவர் திரும்ப வரவே இல்ல. நீங்க ஒரு லேடீஸ், நீங்களே அப்படிக் கேட்டதும் அவருக்கும் அதுதான் சரின்னு பட்டிருக்கும்."

 ஸ்ரீலக்ஷ்மி மன்னிப்புக் கேட்டாள். அது அந்தச் சந்தின் இரைச்சலில் மிகவும் சின்னதாகக் கேட்டது. நோரா பரவாயில்லை என்று சொல்லவில்லை.  உள்ளே போய் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ஸ்ரீலக்ஷ்மியின் கப்ளரைப் பார்த்தபின் மொத்தக் கடைக்காரரிடம் வாங்கிய அதே லாட் கப்ளர்கள், ஆறு. கம்பெனி ஆள் எப்போது வந்து எடுத்துப்போவான் என்று தெரியாது, நாளைக்கு எனக்கு மாட்ட வேண்டும், பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

ஸ்ரீலக்ஷ்மி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மீட்டரை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டு தப்பாக இருந்தன. ஊசியை வாங்கிப் பின்னை நெம்பினாள். அப்போது வண்டியை வேலைக்கு விட வந்த ஒருவர், இவங்க புதுசா வேலைக்குச் சேர்ந்திருக்காங்களா என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றாள் நோரா, டாஷ்போர்டிலிருந்து தலையை எடுக்காமல். "கம்பெனியில இருந்து வந்திருக்காங்க. அவங்க பாஸ் பண்ணினதுல தப்பு இருந்திச்சு. அவங்களே வந்து சரி பண்றாங்க."

வந்தவர் ஸ்ரீலக்ஷ்மியைப் பார்த்தார். அவளுக்கு முகமெல்லாம் சுட்டது. ஆனாலும், "ஆமா சார், நான்தான்," என்று சொல்லிவிட்டு, சாம்பல் வயரை அதன் இடத்தில் குத்தி, பின் பிடித்துக்கொண்டதா என்று மெல்ல இழுத்துப் பார்த்தாள்.