மார்ச்சில் பிறந்த சுழல்

...இரண்டாவது பெயர்தான், ராமப்பன் சார் பெயருக்குக் கீழே, இருந்தாலும் அச்சில் வரப்போகிறது, த. தங்கமணி என்று, ஒன்பது வருடம் கடல் வரைபடம் போடுகிற அந்த பெங்களூர் அலுவலகத்தில் பென்சில் சீவியதற்கு இந்தத் தொண்ணூற்றைந்திலாவது... காலை ஏழரை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்ததுகூட அதனால்தான் என்று தோன்றுகிற அளவுக்குச் சந்தோஷம், ஓசூர் தாண்டியதும் வெயில் சுள்ளென்று அடித்தது, எழுந்து இடப்பக்கம் பின்சீட்டுக்குப் போனேன், அதற்கும் கோபம் வரவில்லை. என் வீட்டுக்காரர் பெரியதம்பிக்கு இன்னும் சொல்லவில்லை, எங்கே சொல்ல, இந்த வாரம் அவருக்கு இரவு ஷிப்ட், நான் மத்திகிரி வீட்டைப் பூட்டிக் கிளம்பிய பிறகு கம்பெனியிலிருந்து வருகிறார், நான் திரும்புவதற்குள் ஓவர்டைம் என்று போய்விடுகிறார், கழுவிக் கவிழ்த்த டிபன் டப்பாவைப் பார்த்துத்தான் மனுஷன் வந்து போனார் என்று தெரிகிறது.

பத்து மணிக்குக் கட்டுரை அச்சுக்குப் போகிறது. வங்காள விரிகுடாவில் புதிதாக ஒரு சுழல் பிறந்திருக்கிறது, கண்டுபிடித்தது நான். ஓசூரிலிருந்து சேலம் வரைக்கும் இருக்கும் அதன் அகலம், கடல் அங்கே ஒரு சாண் மேடாகிறது, கப்பலில் நிற்கிறவனுக்குத் தெரியாது, செயற்கைக்கோளுக்குத் தெரியும், ஆனால் அதுவும் முழுக்கடலையும் பார்ப்பதில்லை, பத்து நாளுக்கு ஒருமுறை அதே கோடுகளில் போகும், கோட்டுக்கு அடியில் உள்ள உயரத்தை மட்டும் அளக்கும், இரண்டு கோட்டுக்கு நடுவே முந்நூறு கிலோமீட்டர் வெறும் இருட்டு. ஜனவரி கடைசியில் ஒரு கோட்டில் மேடு இருந்தது, பிப்ரவரியில் இல்லை, 'மறைந்தது' என்று எழுதினேன், மார்ச் தொடக்கத்தில் மேற்கே அடுத்த கோட்டில் ஒரு மேடு, 'புதியது' என்று எழுதினேன். "தங்கமணி, இது நீ புடிச்சது, உன் பேரையும் போட்டுர்றேன்" என்றார் சார். நேற்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அத்திப்பள்ளி செக்போஸ்ட் வருவதற்குள் கண்டக்டர் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தார், என்னிடம் நின்றார். "ஏம்மா, நீ எங்க ஏறுன? டிக்கெட் எடுக்கலயே?" எடுத்துட்டேங்க, முன்னாடி ஜன்னல்ல இருந்தேன், வெயில்னு இங்க வந்துட்டேன் என்று டிக்கெட்டைக் காட்டினேன். "அந்தம்மாதானா நீ! அங்க ஒரு ஆளு கொறையுது, இங்க ஒரு ஆளு புதுசா இருக்குதேன்னு பாத்தேன்." சிரித்துக்கொண்டே போனார், நானும் சிரித்தேன், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அங்கே ஒன்று குறைகிறது, இங்கே ஒன்று புதிது... மேற்கே. சுழல்கள் மேற்கேதான் நகரும், நாளுக்கு ஏழெட்டு கிலோமீட்டர், இது எனக்குத் தெரியாததா, நாற்பது நாளுக்கு முந்நூறு... அடிப்பாவி, அது சாகவும் இல்லை பிறக்கவும் இல்லை, கோட்டுக்குக் கோடு இருட்டிலேயே நகர்ந்து வந்திருக்கிறது.

சொல்ல வேண்டுமா? சொன்னால் அச்சு நிற்கும், பெயரும் போகும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, சாருக்கே தெரியவில்லை. ஆனால் பாருங்கள், வருத்தம் பெரிதாக வரவில்லை, அது உயிரோடுதான் இருக்கிறது என்பதில் உள்ளுக்குள் ஒரு குஷி, ஊருக்குப் போனவர் வாசலில் வந்து நின்ற மாதிரி... சொல்லிவிடுவேன், டீ வருவதற்கு முன்னால் சொல்லிவிடுவேன், பெயர் போனால் போகட்டும் என்று மட்டும் சொல்ல மனசு வரவில்லை, வலிக்கும்தான். பஸ் செக்போஸ்டைத் தாண்டியது, கடைப்பலகைகள் கன்னடத்துக்கு மாறின, பையிலிருந்து பென்சிலை எடுத்து டிக்கெட்டின் பின்பக்கம் 'அதே சுழல்' என்று எழுதிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் அந்த டப்பாவுக்குள் ஒரு சீட்டு வைக்க வேண்டும், பெரியதம்பி படிக்கட்டும்... அலுவலக பீரோவில் இரண்டு வருடத்து வரைபடங்கள் அடுக்கியிருக்கின்றன, அவற்றில் எத்தனை இடத்தில் 'மறைந்தது' என்று எழுதியிருக்கிறேன், என் கையெழுத்திலேயே, எத்தனை?