மூன்லைட் கடை இருந்த லேப்

கோரிப்பாளையத்தில் அந்த ரத்தப் பரிசோதனை லேபுக்குள் நுழைந்ததுமே சிவக்குமாருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. வெறும் வயிறு ஒரு காரணம். சுவரில் இருந்த சிவப்பு டைல்ஸ் இன்னொரு காரணம். கல்லூரி நாட்களில் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் எத்தனையோ சாயங்காலம் முட்டை ஃப்ரைடு ரைஸ் தின்றிருக்கிறான். அப்போது இது மூன்லைட் ஃபாஸ்ட் ஃபுட். வாசலில் நின்று அப்துல் அலீம் பாய் வாணலியைத் தூக்கிப் போட்டால் தீ ஆளுயரம் எழும்பும். ரோகிணியை அவன் முதலில் பார்த்ததும் இங்கேதான். மிளகுத்தூள் பத்தவில்லை என்று பாயிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இன்று சர்க்கரை பார்த்துவிட்டு வரும்படி அவனை விரட்டியவளும் அவளேதான். இருவருக்கும் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டன.

ரத்தம் எடுத்த பெண், “சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க சார்” என்றாள்.

வெளியே மாடிப்படியில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் நிற்கும் தோரணையை வைத்தே அவனுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

“பாய்! நான் சிவக்குமார். மிளகுத்தூளுக்கு உங்ககிட்ட ஒரு பொண்ணு சண்டைக்கு வருமே, அது வீட்டுக்காரன்.”

“அட, அந்தப் பிள்ளையவா கட்டுன!” பாய் சிரித்த சிரிப்பில் வாளித் தண்ணீர் படியில் சிந்தியது.

“கடைய ஏன் பாய் விட்டீங்க?”

“தோள்பட்டை போச்சுப்பா. வேற ஆளுகிட்ட விட்டா எம் பேருல எதையாவது கிண்டிக் குடுப்பான். லேபுக்காரங்க கேட்டாங்க, வாடகைக்கு விட்டுட்டேன். விடியக்காலமே சனம் வந்துருது. மேல உக்காந்தா பேச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும், நல்லாத்தான் இருக்கு. நீ சாப்டியா?”

“இனிமேத்தான்.”

“அப்ப மேல வா.”

பாயின் மனைவி ஜெயினம்பு தலையில் அடித்துக்கொண்டார். “காலங்காத்தால யாராச்சும் ஃப்ரைடு ரைஸ் திம்பாங்களா? அதுவும் சுகர் பாக்க வந்த பிள்ளைக்கு!”

பாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முன்னைப்போல் தூக்கிப் போடாமல், கரண்டியால் நிதானமாகக் கிளறினார். அந்தப் பழைய தீயின் புகைவாசம் அதில் இல்லை. சோறும் கொஞ்சம் குழைந்திருந்தது. ஆனாலும் சிவக்குமார் இரண்டாம் முறை தட்டை நீட்டினான்.

சாப்பிடும்போதே ரோகிணி போன் செய்தாள். “ஏங்க, என்ன சாப்பிட்டீங்க?”

அவன் போனைப் பாயிடம் கொடுத்தான்.

“நாந்தாம்மா, மூன்லைட் பாய்.”

அந்தப் பக்கம் ரோகிணி பேசத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. பாய்க்கு “ஆமாம்மா, ஆமாம்மா” என்பதற்கு மேல் இடம் கிடைக்கவில்லை.

சாயங்காலம் வந்த முடிவில் சர்க்கரை எல்லையைத் தொட்டு நின்றது. ரோகிணி ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகளோடு நான்கு பேரும் பாய் வீட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். கீழே லேப் பூட்டியிருந்தது. மொட்டைமாடியில் ஜெயினம்பு சப்பாத்தி தேய்க்க, பாய் இவர்களுக்காகப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்.