விரதத்துக்கு ஒரு போத்தல்

வாய் என்று ஒன்றைக் கொடுத்த கடவுள் அதற்கு ஒரு பூட்டையும் கொடுத்திருக்க வேண்டும். நிவேதனாவுக்கு அது வாய்க்கவில்லை. குறுக்கே வெட்டினால் நட்சத்திரமாய் விரியும் தமரத்தங்காயின் சாற்றில் நெல்லியும் கறுவாப்பட்டையும் சேர்த்துத் தானே செய்த பானத்தைப் போத்தலில் அடைத்து இணுவிலில் விற்கத் தொடங்கியதிலிருந்து, கேட்டவர் கேளாதவர் எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான்.

"சீனி ஒரு துளியும் இல்லை. உடம்புக்குள்ளை கிடக்கிற நஞ்செல்லாத்தையும் அடிச்சுக் கலைக்கும். சீனி வருத்தக்காரரும் பயமில்லாமல் குடிக்கலாம்."

பயமில்லாமலாம்! உணவு விஞ்ஞானம் படித்தவளுக்குத் தெரியாதா? தமரத்தங்காயை ஊறுகாயில் ஒரு துண்டு தின்றால் ஒன்றும் செய்யாது. அதையே பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தால், அதுவும் நாள்பட்ட சீனி வருத்தத்தில், அந்த நீரிழிவில், சிறுநீரகம் களைத்துப்போனவர்கள் குடித்தால், ஆளையே விழுத்திவிடும். கூடப் படித்த தனோஜன், "சனத்துக்குச் சொல்லித்தான் குடு" என்று எச்சரித்தும் இருந்தான். "ஓம் ஓம்" என்றாள். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்கள் அப்போதுதான் வாங்கச் சம்மதித்திருந்தார்கள். நல்ல காரியம் நடக்கும்போது அபசகுனமாய் அதை ஏன் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

கந்தசஷ்டி வந்தது. பக்கத்து வீட்டுச் சுவர்ணா மாமி ஆறு நாளும் தண்ணீரைத் தவிர எதையும் தொடமாட்டார். வருடா வருடம் அப்படித்தான். கோயில் வீதியில் அவரைக் கண்டால் மற்றப் பெண்கள் விலகி வழிவிடுவார்கள். இந்த முறை இரண்டாம் நாளே கண் இருண்டது. மதிலுக்கு மேலால் எட்டி, "பிள்ளை, உன்ரை அந்தத் தண்ணியிலை கொஞ்சம் தா. சாப்பாடில்லைத்தானே. ஒருத்தருக்கும் மூச்சு விட்டிடாதை" என்றார்.

நிவேதனா தயங்கினாள். மாமிக்குச் சீனி வருத்தம் என்பது ஊருக்கே தெரியும்.

"என்ன யோசிக்கிறாய்? நீதானே எங்களுக்கு நல்லது எண்டு சொன்னனீ?" என்று மாமி சிரித்தார்.

இல்லை என்றால் இதுவரை பாடிய பாட்டே பொய்யாகிவிடும். கொடுத்தாள். அன்று மட்டுமா? ஆறாம் நாள் சூரன்போர் வரைக்கும் நாள் தவறாமல் மதிலால் போத்தல் போனது.

சூரன்போர் அன்று கோயில் வீதியில் மாமி சுருண்டு விழுந்தார். விரதக் களைப்பு என்றது ஊர். ஆஸ்பத்திரியில் டொக்டர் அப்படிச் சொல்லவில்லை. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. விக்கலும் நிற்பதாக இல்லை.

"இது பட்டினியாலை மட்டும் வந்தமாதிரித் தெரியேல்லை. என்ன குடிச்சவா? கசாயம், மருந்து ஏதாவது?" என்று டொக்டர் கேட்டார்.

"தண்ணியைத் தவிர ஒண்டுமில்லை டொக்டர். அம்மான்ரை விரதம் அப்பிடி" என்றாள் மகள் ஆரபி, பெருமையாக. மாமியும் விக்கலுக்கு நடுவில் தலையாட்டினார். பிறகு கட்டிலருகே நின்ற நிவேதனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லிவிடாதே என்று அந்தக் கை கெஞ்சியது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்குக் குறுகுறுப்பா? மாமி விக்கும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் யாரோ உதைத்தார்கள். மாமியின் மானத்தைக் காக்கத்தான் பேசாமல் நிற்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சீ, என்ன பொய்! அவள் காத்தது தன் போத்தலை.

டொக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

"டொக்டர், நில்லுங்கோ! தமரத்தங்காய்ச் சாறு. நான்தான் குடுத்தனான். ஒவ்வொரு நாளும்."

"இதை வந்தவுடனை சொல்லியிருக்கலாமே, பிள்ளை!" டொக்டர் தாதியை அழைத்து, இரத்தம் சுத்திகரிக்க உடனே ஆயத்தம் செய்யச் சொன்னார்.

மாமி அழுதார். ஆனால் நிவேதனாவின் கையை விடவில்லை. "அவளை ஏசாதேங்கோ டொக்டர். அது நல்ல தண்ணி. நான் விரதத்தை முறிச்சுப்போட்டுப் பொய் சொன்னனான். முருகன் தண்டிச்சிட்டான்."

இதோடு பேசாமல் இருந்தால் பழியை முருகன் சுமப்பான். நிவேதனாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"முருகன் ஒண்டும் செய்யேல்லை, மாமி. அது உங்களுக்குக் கூடாது எண்டு எனக்கு முதலே தெரியும்."

மாமி அவளையே பார்த்தார். பிடித்திருந்த கை மெல்ல விலகியது.

"தெரிஞ்சோ பிள்ளை தந்தனீ?"