அமரர் வண்டிக்கு எர்த் இல்லை

இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டால் வலது பக்கம் மினுக்கியது. வலது பக்கம் போட்டால் ஒன்றுமே எரியவில்லை. வீட்டு வாசலில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிருபாபாய் அழுகையை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். நாலு மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மணி இப்போது ஐந்தைத் தாண்டிவிட்டது.

பெட்டிக்குள் கிடந்தவர் அவள் கணவர் சோலைராஜ். ராஜபாளையத்தில் முப்பது வருஷமாக வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்த்தவர். தெருவில் நின்றது சபையின் அமரர் வண்டி, பழைய ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லர். போன வாரம் அவர்தான் அதன் பழைய வயரையெல்லாம் பிடுங்கிப் போட்டார். "லைட் எரியாம இது ரோட்டுல ஏறப்படாது" என்று சபைக் கமிட்டிக்காரர்களிடம் சண்டை வேறு. புது வயரை இழுத்தார், பாதி வேலையை முடித்தார். நேற்றுக் காலை, "காப்பி போடு, கை கழுவிட்டு வாரேன்" என்று போனவர் குழாயடியிலேயே விழுந்துவிட்டார்.

இழுத்த வயர் ஐந்தும் சிவப்பு. வீட்டில் அந்தச் சுருள்தான் மிச்சம் கிடந்ததாம். அடையாளத்துக்கு ஒரு டேப்பாவது சுற்றுங்கள் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். "எல்லாம் என் மண்டைக்குள்ள இருக்குட்டி" என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார். அந்த நெற்றியில் இப்போது யாரோ யூடிகொலோன் செண்ட் தடவி விட்டிருந்தார்கள்.

மகன் ஜோயலுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வேட்டியை மடித்துக் கட்டி, டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து படுத்து, செல்போனில் ஏதோ வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து வயரை மாற்றிக்கொண்டிருந்தான்.

கொழுந்தன் எட்வின் வந்து குனிந்தார். "மதினி, வேற வண்டி சொல்லிருவோமா? ஸ்ரீவில்லிபுத்தூர் கல்லறைத் தோட்டத்துல குழி தோண்டிட்டு ஆளுக நிக்காக. இருட்டிட்டா அடக்கம் பண்ண முடியாது."

"வேண்டாம் கொழுந்தனாரே. ஊருல உள்ள வண்டிக்கெல்லாம் லைட் போட்டாரு, அவரு போற வண்டிக்கு எரியலயேன்னு நாளைக்குச் சிரிப்பாக. அவிய சம்பாரிச்சது அந்த ஒரு பேருதான். அதையும் சேத்துப் பொதைக்கணுமா?"

"அப்ப லைட் இல்லாம மெல்லப் போயிருவோம்."

ஜீப் ஓட்டும் பாண்டிதுரை ஒரேயடியாகத் தலையை ஆட்டினான். "நான் எடுக்க மாட்டேன்க்கா. லாரி வார ரோடு. லைட் இல்லாம எடுக்காதன்னு அண்ணனே எங்கிட்டச் சொல்லிருக்காக."

செத்த பிறகும் மனிதர் குறுக்கே நிற்கிறார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"லெஃப்ட், ரைட் சரியாயிருச்சு! பிரேக் மிதிங்கண்ணே!" என்று கீழேயிருந்து ஜோயல் கத்தினான். பாண்டிதுரை மிதித்தான். உடனே பின்னாலிருந்த எல்லா லைட்டும் சேர்ந்து மங்கலாக முழித்தன. ஜோயல் வெளியே வந்து, "வயர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. என்னன்னே தெரியல" என்று கையை விரித்தான்.

அதற்கு மேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கம்மா போறீக?" என்று மகள் பிரிஸ்கில்லா பதறினாள். "போதகர் ஜெபம் பண்ண நிக்காரு."

"செத்த நேரம் நிக்கட்டும்."

துக்கத்துக்கு வந்த பெண்கள் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, அவள் தெருவில் இறங்கினாள்.

"ஏலே, பிரேக் மிதிச்சா எல்லாம் சேந்து மங்கலா எரியுதுன்னா எர்த் பிடிக்கலன்னு அர்த்தம். உங்கப்பா தெனமும் கத்துனது ஒனக்கு மட்டும் காதுல விழலையா? கமிட்டிக்காரக பெயிண்ட எம்புட்டு அப்பி வச்சிருக்காக பாரு. எர்த் போல்ட்டக் கழத்திட்டு அடியில சுரண்டு, வயரு இரும்பத் தொடணும்."

ஜோயல் சுரண்டினான். பெயிண்ட் உரிந்து இரும்பு தெரிந்தது. போல்ட்டை முடுக்கிவிட்டு மிதிக்கச் சொன்னான். பாண்டிதுரை ஒரு மிதி மிதித்துக் காலை எடுத்துவிட்டான். ஜோயல் பார்ப்பதற்குள் அணைந்துவிட்டது. மறுபடியும் அப்படியே செய்தான்.

"மிதிச்சா மிதிச்சபடி இருக்கணும்யா! எறங்கு கீழ" என்று அவனை இறக்கிவிட்டு அவளே ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

கால் தானாகப் பிரேக்கில் போய் நின்றது. கல்யாணமான மறுமாதத்திலிருந்து அவள் பார்த்த வேலைதான் இது. பின்னால் நின்றுகொண்டு அவர் மிதி என்பார், விடு என்பார், மறுபடியும் மிதி என்பார். ஒருநாள் மிதிக்கச் சொல்லிவிட்டு பல்பு வாங்கப் போன மனிதர் டீக்கடையில் பேச உட்கார்ந்துவிட்டார். காலை எடுத்தால் கத்துவாரே என்று, அடுப்பில் குழம்பு அடிபிடிக்கிற வாடையை மோந்துகொண்டு அரை மணி நேரம் மிதித்தபடி இருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

மேற்கே மலையில் மேகம் இறங்கித் தெரு மங்கிவிட்டது.

"லெஃப்ட் போடுங்கம்மா. சரி. ரைட். சரி. பிரேக் மிதிங்க." ஜோயலின் குரல் துள்ளியது. "பளிச்சுன்னு எரியுதும்மா! போதும், காலை எடுங்க."

வாசலில் போதகர் ஜெபத்தை முடித்தார். ஆறு பேர் சேர்ந்து பெட்டியைத் தூக்கி வண்டிக்குப் பின்னால் கொண்டுவந்தார்கள்.

"அம்மா, போதும்மா."

அவள் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். பெட்டி தூக்கியவர்களின் வெள்ளைச் சட்டைகளில் சிவப்பு வெளிச்சம் விழுந்திருந்தது.

"மதினி, காலை எடுங்க" என்று எட்வின் ஜன்னலோரம் வந்து சொன்னார்.

அவள் மிதித்தபடியே இருந்தாள்.