எகிப்துச் சாமியிடம் கேட்ட உத்தரவு

ஜெயமணியின் கால் பெருவிரல் கறுத்துப்போயிருந்தது. சர்க்கரை செய்த வேலை. இன்றைக்கே விரலை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் பாதமே போய்விடும் என்று டாக்டர் காலையில் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த மகராசன் என்னடாவென்றால், சாமியிடம் உத்தரவு கேட்காமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்று ஷார்ஜா தொழில்பேட்டையில் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் ரூமுக்கே திரும்பிவந்து கட்டிலில் உட்கார்ந்துகொண்டான்.

கூடப் போய்வந்த சோலையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே கட்டட சைட். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் ஊரில் இவன் பெண்டாட்டி அருணாவுக்கு யார் பதில் சொல்வது? ஆனால் சத்தம்போட்டுப் பிரயோஜனமில்லை. ஜெயமணியின் கல்யாணமே பொட்டலம் போட்டுப் பார்த்து முடிவானதுதான். கல்ஃபுக்குக் கிளம்பியதும் அப்படித்தான். ஒரு தாளில் திருநீறு, இன்னொன்றில் குங்குமம் மடித்துச் சாமி முன்னால் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுப்பான். திருநீறு வந்தால் சரி, குங்குமம் வந்தால் கூடாது.

"சரி, பொட்டலம் நானே மடிச்சுத் தர்றேன். முருகன் படத்துக்கு முன்னாடி வச்சு எடு" என்றார் சோலையப்பன்.

"முருகனுக்கு ஆயிரம் சோலிண்ணே. இவரு வைத்தியத்துக்குன்னே இருக்கிறவரு."

அவன் காட்டியது ஷெல்ஃபில் இருந்த சின்னக் கறுப்புச் சிலையை. பக்கத்து ரூம் எகிப்துக்காரர் மூசா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போகும்போது ஞாபகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. மொட்டைத் தலை, மடியில் விரித்த ஓலைச் சுருள். பேர் இம்ஹோதெப். ராசாவுக்குக் கல்லால் படிக்கட்டு மாதிரி பிரமிடு கட்டியவர், வைத்தியம் தெரிந்தவர் என்பார்கள், செத்து வெகுகாலம் கழித்து சனங்கள் அவரைச் சாமியாக்கிக் கும்பிட்டார்கள் என்று மூசா சொன்னார். மூசாவுக்கு அது வெறும் பொம்மை. ஜெயமணிக்கோ, கட்டட வேலையிலிருந்து சாமியானவர் என்றால் நம்ம ஆள். மறுநாளே சிலையின் நெற்றியில் சந்தனம் வைத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டான்.

இரண்டு பொட்டலத்திலும் திருநீறையே வைத்துவிடலாமா என்று சோலையப்பனுக்கு ஓர் எண்ணம் வந்தது. ஆனால் சாமி விஷயத்தில் பித்தலாட்டம் பண்ண அவருக்குத் துணிச்சல் கிடையாது. முறையாகவே மடித்துக் கொடுத்தார்.

ஜெயமணி கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தான். குங்குமம்.

சோலையப்பனுக்கு ரெண்டிலும் திருநீறையே வைத்திருக்கலாமே என்றிருந்தது. அடப்பாவி, நானே இவனைக் கெடுத்துவிட்டேனே என்று மனசுக்குள் அழுதார். நிமிர்ந்து பார்த்தால் ஜெயமணி முகமும் செத்துப்போயிருந்தது. தப்பித்தோம் என்று அவன் சந்தோஷப்படவில்லை. உதடு கோணிக்கொண்டு போனது.

"வேண்டாம்ங்கிறாரேண்ணே" என்றான்.

அப்போதுதான் சோலையப்பனுக்கு விளங்கியது. பயல் பிழைக்கத்தான் ஆசைப்பட்டிருக்கிறான்.

"ஏண்டா, எந்தக் கலர் வந்தா என்ன அர்த்தம்னு அவருகிட்டச் சொன்னியா?"

"சாமிக்குத் தெரியாதா?"

"நம்மூர்ச் சாமிக்குத் தெரியும். இவரு எகிப்து. திருநீறும் குங்குமமும் அவரு எங்கே கண்டாரு? நீ பாட்டுக்கு ரெண்டு பொட்டலத்தை நீட்டியிருக்கே. அவரு ஏதோ ஒண்ணைத் தள்ளிவிட்டிருக்காரு. இதெல்லாம் உத்தரவுல சேர்த்தியா?"

ஜெயமணி சிலையைப் பார்த்தான். சோலையப்பனைப் பார்த்தான். மறுபடி கேட்போம் என்று சொல்லிவிடுவானோ என்று சோலையப்பன் ரெண்டு பொட்டலத்தையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப டாக்ஸியைக் கூப்பிடுண்ணே" என்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது ஜெயமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நெசத்தைச் சொல்லு. அவரு வேண்டாம்னுதானே சொன்னாரு?"

சோலையப்பனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"சொல்லியிருந்தா என்ன? நான்தான் மீறிக் கூட்டிட்டு வந்தேன். அந்தக் கோபம் என்மேல இறங்கட்டும். நீ உள்ளே போ."