ஊர்ப்பெயர்க்காரன் வீட்டு மழை

வறட்சியின் இரண்டாம் ஆண்டில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு, ஊர் முழுவதற்கும் வரவேண்டிய மழை லாரி எடைமேடைக்காரன் வீட்டின் மேல் மட்டும் பெய்தது. நான்கு மணிக்கு நின்றது. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து அதே நேரத்துக்குப் போனது. அவன் வீட்டுக்கும் பக்கத்துப் பல் டாக்டர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவரின் இந்தப் பக்கம் பாசி படர்ந்தது, அந்தப் பக்கம் வெயிலில் சுண்ணாம்பு வெடித்து உதிர்ந்தது. காரணம் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அவனுக்கும் ஊருக்கும் ஒரே பெயர், அதுவும் ஒரே ஆங்கிலப் பெயர். மழை பெயரைப் பார்த்து வந்தது, முதலில் கண்ணில் பட்டவனிடம் இறங்கிவிட்டது. எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஊருக்கு அந்தப் பெயரை வைத்தவர் தண்டவாளம் போட வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர். பதினோரு நாள் இங்கே தங்கினார். அதில் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தார். எழுந்து போகும்போது தன் பெயரை வரைபடத்தில் எழுதிவிட்டுப் போனார். அதற்கு முன்பு ஊருக்கு என்ன பெயர் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எடைமேடைக்காரனுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவனுடைய அப்பா, அதாவது எங்கள் அப்பா. அவர் பெயர்ப்பலகை எழுதுகிறவர். நம் எழுத்தில் எதைச் சொன்னாலும் எழுதுவார். ஆங்கிலம் என்றால் கடைக்காரர்கள் தாளில் எழுதிக் கொடுப்பதைப் பார்த்து வரைவார். பார்க்காமல் அவருக்கு எழுத வந்த ஒரே ஆங்கில வார்த்தை, ரயில் நிலையத்தின் இரண்டு முனைகளிலும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அவர் புதுப்பிக்கிற ஊரின் பெயர். மகன் பிறந்ததைப் பதியப் போன இடத்தில் குமாஸ்தா படிவத்தை நீட்டி, "பேரை இங்கிலீஷ்ல எழுதுங்க, பெரிய எழுத்துல" என்றான். பின்னால் ஆறு பேர் நின்றார்கள். தெரியாது என்று சொல்ல அப்பாவுக்குக் கூச்சம். தெரிந்ததை எழுதினார். பலகையில் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்துக்கும் வலது பக்கம் நிழல் வேறு போட்டார்.

"இது ஊர் பேராச்சே" என்றான் குமாஸ்தா.

"ஆமா. பையன் பேரும் அதுதான்" என்றார் அப்பா.

அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள், "ஏங்க, வேற பேரே கிடைக்கலையா? பக்கத்து ஊர் பேராவது கொஞ்சம் நல்லா இருக்குமே" என்றாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஊரைக் கூப்பிடுகிறார்களா ஆளைக் கூப்பிடுகிறார்களா என்ற குழப்பம் வந்ததால், நாளடைவில் எல்லோரும் அவனைப் போர்டு என்றே கூப்பிட்டார்கள். நான் தம்பி என்றேன்.

அவனுக்கு ஆறு வயதானபோது, கடும் கோடையில், அவன் படுத்திருந்த கட்டிலின் மேல் ஒரு சாண் உயரத்துக்குப் பனி கொட்டிக் கிடந்தது. அதே கட்டிலில் அவனை ஒட்டிப் படுத்திருந்த எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. ஒன்பது வயதில், கடலையே பார்க்காதவன், தலைமயிர் முழுக்க உப்பு படிந்து எழுந்தான். பிற்பாடு நான் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் உலகப்பட நூலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அதே பெயரில் இன்னும் நான்கு ஊர்கள், இரண்டு ஆறுகள், ஒரு குன்று, ஒரு ஏரி இருந்தன. பனி எந்த ஊருடையது என்று கண்டுபிடித்துவிட்டேன். உப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஊரார் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்காவது பல் வீங்கினால் டாக்டர் ஆளனுப்பி, "போர்டு வீட்டுல ஐஸ் இருக்கான்னு பாத்துட்டு வா" என்பார். இருந்தால் கொடுப்போம்.

மழை வேறு விஷயம். அது வெளியூர்ச் சரக்கு இல்லை.

முதல் இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மூன்று மணிக்கு ஊர் முழுவதும் குடத்தோடு எங்கள் முற்றத்துக்கு வந்தது. தம்பி எடைமேடையைப் பூட்டிவிட்டு வந்து, கயிறு கட்டி வரிசை ஒழுங்கு செய்தான். குழந்தை வைத்திருப்பவர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால். யாரையும் வெறுங்குடத்தோடு அனுப்பியதில்லை. ஆனால் கொடுக்கிறவனைக் கும்பிடுகிற கை கொஞ்ச நாளில் வலிக்கத் தொடங்கிவிடும். டீக்கடையில், "ஒருத்தன் ஊருக்கே தண்ணி காட்டுறான்யா" என்று சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த மாதம் அதையே சிரிக்காமல் சொன்னார்கள். டாக்டர் கிளினிக்கில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் இல்லாமல் நோயாளிகள் குறைந்தார்கள். "மழை அவன் வீட்டுல பெய்யுது, இடி மட்டும் என் வீட்டுல கேக்குது" என்று வாயில் கருவியோடு படுத்திருந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னார். அவர்களால் மறுத்துப் பேச முடியாது. மழையால் நாங்கள் அடைந்த சுகத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சுவர்கள் ஊறிப் பருத்தன. அலமாரியில் செருப்புக்குள் காளான் முளைத்தது. சமையலறையில் குடை பிடித்துக்கொண்டு சோறு வடித்தேன். தம்பிக்கு இருமல் வந்தது, போகவில்லை.

நகர்மன்றத் தலைவர் கூட்டம் போட்டார். தம்பியை மேடைக்குக் கீழே நிற்க வைத்தார்கள். "பேரு ஊருக்குச் சொந்தம். ஊர் மூத்தது, நீ இளையவன். மரியாதையா பேரை விட்டுக் குடுத்துடு, மழை தானா வழிக்கு வந்துடும்" என்றார் தலைவர்.

"எங்கப்பாவுக்கு எழுதத் தெரிஞ்சதே அந்த ஒரு வார்த்தைதான் தலைவரே. அதை எனக்குக் குடுத்துட்டுப் போயிருக்காரு" என்றான் தம்பி. "தண்ணி எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க. அதை மட்டும் கேக்காதீங்க."

"உங்கப்பன் வேற ஏதாவது எழுதக் கத்திருந்தா எங்க பொழப்பு நாறியிருக்காது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்தது.

நான் அதே பெயருள்ள நான்கு ஊர்களுக்கும் கடிதம் எழுதிக் கேட்டிருந்தேன். மூன்று பதில் போடவில்லை. ஒன்றிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. "எங்களிடமும் அப்படி ஒருவர் இருந்தார். பெயரைப் பிடுங்கினோம். திரும்பக் கொடுக்கப் போனபோது ஆளைக் காணவில்லை" என்று இருந்தது. அதைக் கூட்டத்தில் எழுந்து வாசித்தேன். தலைவர் வாங்கிப் பார்த்து, "கையெழுத்து நல்லா இருக்கு" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு லாரிகள் எங்கள் எடைமேடையில் ஏறவில்லை. எடை போடாமலே போயின, அல்லது இருபது கல் சுற்றிப் போய் எடை போட்டன. முடி வெட்டுகிறவர் தம்பியைக் கண்டதும் கத்தரிக்கோலைத் துணியில் சுற்றினார். நூலகத்தில் என் மேசைக்கு யாரும் வரவில்லை, எடுத்த புத்தகங்களையும் திருப்பித் தரவில்லை. ஆனால் மூன்று மணி வரிசை மட்டும் ஒரு நாளும் குறையவில்லை. வந்தார்கள், குடத்தை நிரப்பினார்கள், போகும்போது வாசலில் துப்பிவிட்டுப் போனார்கள். தம்பி மறுநாள் கழுவிவிட்டான். "தண்ணிக்கா பஞ்சம்?" என்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றரை மணிக்கு, மழையில் ஒரு கல் வந்தது. தம்பியின் தலைக்குக் குறிவைத்தது, கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த என் நெற்றியில் பட்டது. அது நடுச்சுவருக்கு மேலாக வந்தது. இரண்டு நிமிஷத்தில் அதே சுவர்ப் பக்கத்திலிருந்து பல் டாக்டர் பஞ்சும் நூலும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஈறு தைக்கிற நூலால் மூன்று தையல் போட்டார். அவருடைய விரல் இடுக்கில் சுண்ணாம்பும் செம்மண்ணும் ஒட்டியிருந்ததை நானும் பார்த்தேன், தம்பியும் பார்த்தான். "ஒரு வாரம் தண்ணி படாம பாத்துக்கம்மா" என்றார். சொன்ன பிறகு தலையைத் தூக்கி ஒழுகுகிற கூரையைப் பார்த்தார்.

மறுநாள் காலை தம்பி பெயர் மாற்றும் அலுவலகத்துக்குப் போனான். என்னை வரவேண்டாம் என்றான், நான் போனேன். அப்பாவிடம் படிவத்தை நீட்டிய அதே குமாஸ்தா, இப்போது வழுக்கையோடு இருந்தான். பழைய பெயர் என்ற இடத்தில் தம்பி எழுதினான். புதுப் பெயர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தலைவர் ஏதும் சொல்லி அனுப்பலையா?" என்றான் குமாஸ்தா.

"எடுக்கச் சொன்னாரு. வைக்கச் சொல்லலை."

"ஏதாவது ஒண்ணு எழுதுப்பா. ஊர் உலகத்துல பேருக்கா பஞ்சம்?"

"என்கிட்ட இருந்தது ஒண்ணுதான் சார்."

வெற்றிடமாகவே கொடுத்தான். வேறு யாரும் எதையும் எழுதிவிடக் கூடாதே என்று குமாஸ்தா அந்த இடத்தில் அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டு முத்திரை குத்தினான்.

அன்று மூன்று மணிக்கு ஊர் முழுவதும் அவரவர் வாசலில், மொட்டைமாடியில், நடுத்தெருவில், அண்டா குண்டாவோடு நின்றது. தலைவர் குடை கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டின் மேல் மழை பெய்யவில்லை. ஊரின் மேலும் பெய்யவில்லை. நான்கு மணிக்குப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நாங்கள் எடைமேடையைத் திறந்து பார்க்கப் போனோம். தம்பி மேடையில் ஏறினான். முள் அசையவில்லை. "ரிப்பேர் போல இருக்கு. நீ ஏறு அக்கா" என்றான். நான் மட்டும் ஏறினேன். ஐம்பத்தொன்று காட்டியது. இரண்டு பேரும் ஏறினோம். ஐம்பத்தொன்று. தம்பி கீழே இறங்கி, "பரவால்ல, இனிமே பஸ்ல நமக்கு ஒரு டிக்கெட் போதும்" என்றான்.

அதற்குப் பிறகு நாய்கள் அவனைப் பார்த்துக் குரைக்கவில்லை. டீக்கடையில் மற்ற எல்லோருக்கும் டீ வந்தது. பகையாகப் பார்த்தவர்கள்கூடப் பார்க்காமல் நடந்தார்கள். பகையாவது ஒரு பார்வை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊருக்கும் சேதம் இல்லாமல் இல்லை. கிணறுகள் வறண்டன, ரயில் நிலையத்தில் நிற்கவேண்டிய வண்டிகள் இரண்டு நிற்காமல் போயின. இருமல் அவன் நெஞ்சில் நீராகத் தேங்கியது. கடைசியாகப் பெய்த மழை அங்கேதான் இருந்தது. ஐந்தாம் மாதம், ஒரு புதன்கிழமை முற்பகலில், என் மடியில் தலை வைத்தபடி இறந்தான். தலையின் கனமே தெரியாததால், போய்விட்டான் என்று அறிய எனக்குச் சற்று நேரமாயிற்று. ஒருவர் தூக்கினால் போதும். ஆனாலும் மரியாதைக்காகக் கூலிக்கு நான்கு பேரை வைத்துத் தூக்கிப் போனேன்.

குழி வெட்டுகிறவர், "பேர் எழுதின பலகை ஒண்ணு தலைமாட்டுல நடணும். இல்லன்னா நாளைக்கு இதே இடத்தை வேற ஆளுக்கு வெட்டிடுவாங்க" என்றார். தலைவர் ஆளனுப்பியிருந்தார். அந்தப் பெயர் எழுதக் கூடாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெயர், சட்டம் என்றான் வந்தவன். நான் வீட்டுக்கு வந்தேன். ஊறி விழுந்து கிடந்த பின்கதவின் பலகையை எடுத்தேன். பரணிலிருந்த அப்பாவின் தகரப்பெட்டியில் இரண்டு தூரிகையும் வெள்ளை, கறுப்பு என்று இரண்டு டப்பா பெயிண்டும் இருந்தன. நான் பலகை எழுதிப் பழகியவள் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை அப்பா எழுத எழுத ஏணியைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தலைமாட்டில் நட்டு, அங்கேயே மண்டியிட்டு எழுதினேன். தலைவர் அனுப்பியவன் தடுக்க வந்து, என் நெற்றித் தழும்பைப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றான். கடைசி எழுத்துக்கு வலது பக்கம் நிழல் போட்டுக்கொண்டிருந்தபோது மணி மூன்று. மழை வந்தது. நீளம் ஆறடி, அகலம் மூன்றடி. என் முழங்கால் நனைந்தது, முதுகு நனையவில்லை. பெயிண்ட் கரையவில்லை.

மறுநாளே குடங்கள் வந்தன. நான் ஒரு நிபந்தனை வைத்தேன். நிரப்புகிறவர்கள் அவன் பெயரைச் சொல்லிவிட்டு நிரப்ப வேண்டும். முதலில் நின்ற தலைவர், "ஊர் பேரைத்தானே, சொல்லிட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் குடத்தை நீட்டினார். மழை அவர் குடத்தின் வாயை விட்டு விலகிப் பெய்தது. அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நின்றவள் அதே பெயரைச் சொன்னாள், நிரம்பியது. தலைவர் மூன்று நாள் வெறுங்குடத்தோடு திரும்பினார். நான்காம் நாள் மெதுவான குரலில் சொன்னார், பாதி நிரம்பியது. இப்போது முக்கால் வரை நிரம்புகிறது. அவர் அதைப் பற்றிப் புகார் எதுவும் எழுதவில்லை.

பல் டாக்டர் எப்போதும் எல்லோருக்கும் கடைசியில், நான்கு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது வருவார். அவருக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. முதல் நாள் குடத்தை இரண்டு கையாலும் நீட்டி, "போர்டு" என்றார். குடம் வழிய வழிய நிரம்பியது. தூக்க முடியாமல் தடுமாறினார், நான் மறுபக்கம் ஒரு கை கொடுத்தேன். அதை மன்னிப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறைகுடம் கனமாக இருந்தது, அவ்வளவுதான். மழை தினமும் மூன்று மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு நிற்கிறது. பலகையின் பக்கம் தரை வழுக்கும், வருகிறவர்கள் பார்த்துக் கால் வைக்க வேண்டும்.